அப்பாவுக்குத் தெரியாத இடம்

கம்பனியின் பெயரை இங்கே எழுத முடியாது. எழுத மாட்டேன் என்று மார்ச் மாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்பாவும் போட்டிருக்கிறார், அம்மாவும் போட்டிருக்கிறார். லண்டனில் எங்கள் தேவாலயப் பங்கில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிற இருநூற்றுப் பதினொரு பேர் போட்டிருக்கிறார்கள். போடாதவர் பிலோமினம்மா ஒருவர்தான். ஆகவே கம்பனி என்றே எழுதுகிறேன்.

கம்பனி வளர்ப்பது கஞ்சாச் செடி. டொக்டர் எழுதிக் கொடுத்தால் நோயாளிகள் அதை மருந்தாக வாங்கலாம் என்று சட்டம் மாறி ஏழெட்டு வருடமாகிறது. அதை வளர்க்க உள்துறை அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கம்பனியிடம் அது இருக்கிறது. ஆனால் கம்பனிக்குள் யாரும் செடியின் பெயரைச் சொல்வதில்லை, ‘தயாரிப்பு’ என்றுதான் சொல்வார்கள். உண்மையான பெயர் அனுமதிப்பத்திரத்தில் மட்டும் இருக்கிறது. அதனால் பத்திரத்தை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

தயாரிப்பு வளரும் கிறீன்ஹவுஸ் எங்கே இருக்கிறது என்றும் எழுதக்கூடாது. அது முன்பு வெள்ளரிக்காய் கிறீன்ஹவுஸாக இருந்தது. அப்பா அங்கே பதினான்கு வருடம் வேலை செய்தார். எங்கள் வீடு இருக்கும் பிளேஸ்டோவிலிருந்து ரயில் எடுத்து, பிறகு பஸ் எடுத்து, பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கிக் கால்வாய்க் கரையால் பன்னிரண்டு நிமிடம் நடப்பார். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

போன நவம்பரில் வெள்ளரிக்காய் முதலாளி இடத்தை விற்றுவிட்டார். எல்லாரையும் நிறுத்தினார்கள். வேலை போன பிறகும் அப்பா ஐந்து மணிக்கு எழும்பி, சப்பாத்துப் போட்டுக்கொண்டு, குசினி யன்னலோரம் இருப்பார். வெயில் வந்தால் யன்னலை இரண்டு அங்குலம் திறப்பார். முகில் வந்தால் மூடுவார். எங்கள் குசினியில் இருந்தது ஒரு கறிவேப்பிலைச் செடி மட்டும். அது முன்னெப்போதும் இல்லாதபடி தழைத்தது.

அம்மா காலையில் ஒஃபிஸ் துப்புரவு வேலைக்குப் போகிறவர். அப்பாவின் வேலை போனதும் பின்னேர ஷிப்ட் ஒன்றையும் எடுத்தார். ஜனவரியில் அவருடைய வலது முழங்கால் வீங்கியது. இரண்டு ஷிப்ட்டும் தொடர்ந்தால் இந்தக் கால் வருடக் கடைசி வரை தாங்காது என்று டொக்டர் சொன்னார். அம்மா ஓம் என்று தலையாட்டிவிட்டு அன்று பின்னேரமும் வேலைக்குப் போனார்.

பெப்ரவரியில் கடிதம் வந்தது. கிறீன்ஹவுஸைக் கம்பனி வாங்கியிருக்கிறது, ‘வளர்ப்பு உதவியாளர்’ வேலைக்கு ஆட்கள் தேவை, முன்பு அங்கே வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை என்று அதில் இருந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்தார்.

விண்ணப்பம் நாற்பத்தாறு பக்கம். எங்கள் வீட்டில் படிவங்கள் என் வேலை. கவுன்சில், காஸ், டொக்டர் எல்லாவற்றுக்கும் பத்து வயதிலிருந்து நான்தான் எழுதுகிறேன். ஒன்பதாவது கேள்வி, தயாரிப்பை வளர்த்த அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டது. குறைந்தது இரண்டு வருடம் வேண்டுமாம். பத்தாவது கேள்வி, அந்த அனுபவம் சட்டபூர்வமானதா என்று கேட்டது. இல்லையென்றால் உடனே பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கும்படி இலக்கமும் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் வெள்ளரிக்காய் என்று எழுதினேன்.

முப்பத்தோராவது கேள்வியில் நின்றோம்.

“அப்பா, இந்தச் செடியின்ரை மணம் உங்களுக்கு எப்பவாவது பட்டிருக்கோ எண்டு கேக்கினம்.”

“ஓம் எண்டு போடு. நேற்றும் லிஃப்டிலை மணந்தது.”

அம்மா பாத்திரம் கழுவியபடியே, “இல்லை எண்டு போடு பிள்ளை. லிஃப்ட் மணத்துக்கெல்லாம் சாட்சி சொல்லப் போறாராம்” என்றார்.

“பொய் எழுதி உள்ளுக்குப் போனா, உள்ளுக்கை நிக்கிற ஒவ்வொரு நாளும் பொய்தான்” என்றார் அப்பா.

ஓம் என்று போட்டேன். உடனே புதுப் பெட்டி ஒன்று திறந்து, ஒவ்வொரு முறைக்கும் திகதி, நேரம், இடம் கேட்டது. ‘தினமும், லிஃப்ட்’ என்று எழுதினேன். ‘தினமும் என்பது ஒரு திகதி அல்ல’ என்று கம்பியூட்டர் சிவப்பில் சொன்னது. கடைசி ஆறு நாட்களின் திகதிகளை எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

கடைசிப் பக்கத்தில் நன்னடத்தைக்கு ஒருவரின் கடிதம் கேட்டிருந்தார்கள். ஊரிலே வேலைக்குப் போகிறவர்கள் பங்குத்தந்தையிடம் நற்சான்றிதழ் வாங்குவார்கள். அப்பா பாதர் நிர்மலனிடம் போனார். பாதர் தன் கையாலேயே இரண்டு பக்கம் எழுதி, முத்திரை குத்தி, ஒட்டிய உறையில் தந்தார். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது மரியாதையில்லை என்று அப்பா அப்படியே தபாலில் சேர்த்தார். அதுதான் நாங்கள் செய்த பிழை.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வரலாம் என்று இருந்ததால் நானும் போனேன். ஸ்ட்ராட்போர்ட் ரயில் நிலையத்தில் நின்ற வேனில் ஏற்றினார்கள். இடம் தெரியாமலிருக்க, யன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஏறும்போதே என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு அப்பா திடீரென்று முன் சீற்றைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் வேன் ஒரு மேட்டில் ஏறிக் குலுங்கியது.

அப்பா இறங்கியவுடன் வாசலோரக் குழாயடிக்குப் போனார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த கம்பியை ஒரு முறுக்கு முறுக்கினார். சொட்டு நின்றது.

எங்களைச் சந்தித்தவர் புவனேந்திரன். கம்பனியின் ஒழுங்குவிதிப் பகுதித் தலைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல கோட்டு, கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள். தமிழர் என்று கண்டதும் அப்பாவுக்கு மூச்சு வந்தது. எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

“அண்ணை, முதல்லை ஒண்டு விளங்கிக்கொள்ளவேணும்” என்று புவனேந்திரன் தொடங்கினார். “இது ஒரு வெளிப்படையான கொம்பனி. எங்களட்டை ஒளிவுமறைவு இல்லை. எங்கை இருக்கிறம் எண்டதைத் தவிர. என்ன வளக்கிறம் எண்டதைத் தவிர. ஆருக்கு விக்கிறம் எண்டதும் சொல்லேலாது. மற்றும்படி எல்லாம் திறந்த புத்தகம். என்ரை மனிசிக்கே தெரியாது, பாருங்கோ. ஹரோவிலை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தலைவர். அங்கை தக்காளி எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

பிறகு ஒரு தாளைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார். அப்பா இப்போது இருக்கும் இடம் எது என்று தெரியுமா?

“தெரியும் தம்பி. இது எங்கடை கன்ரீன். நீங்கள் இருக்கிற இடத்திலை மைக்றோவேவ் இருந்தது.”

புவனேந்திரன் பேனாவை வைத்துவிட்டார். இடம் தெரிந்தவர்களை வேலைக்கு எடுத்தால் பாதுகாப்புக்கு ஆபத்து, தெரிந்தும் தெரியாது என்கிறவர்களை எடுத்தால் நேர்மைக்கு ஆபத்து என்று விளக்கினார். அப்பா கடிதத்தை எடுத்து, முன்னுரிமை என்று இருந்த வரியைக் காட்டினார்.

“முன்னுரிமை இருக்குது அண்ணை. அதிலை மாற்றமில்லை. பழைய ஆக்களுக்கு இடம் தெரியும் எண்டதாலை ஒருத்தரையும் எடுக்கேலாமல் இருக்குது. அது வேறை விசயம்.”

அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார். அப்போதுதான் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவருடைய பார்வை போனது. வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூரையின் காற்றுக் கதவு ஒன்று திறக்கவில்லை. செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. அப்பா கேட்காமலே உள்ளே போனார். மூலையில் கிடந்த, நிலம் கூட்டும் தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்து ஓரிடத்தில் தட்டினார். கதவு திறந்தது. நாலு பேரும் குறிப்பெடுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தாவரவியலில் டொக்டர் பட்டம் பெற்றவர்கள் என்று புவனேந்திரன் சொன்னார். அவர்களுக்கு இடம் எதுவென்று உண்மையிலேயே தெரியாதாம்.

எங்களை மறுபடி இருத்தினார். விசேட நடைமுறை ஒன்று இருக்கிறது என்றார். அதன் பெயர் அறிவுத் துறப்புப் பிரகடனம். அப்பா அதில் கையெழுத்துப் போட்டால், போட்ட நேரத்திலிருந்து அவருக்கு இடம் தெரியாது.

“தெரியுமே, தம்பி” என்றார் அப்பா.

“நேற்று வரைக்கும் தெரியும் எண்டது உண்மை. கையெழுத்துப் போட்டாப் பிறகு தெரியாது எண்டதும் உண்மை. சட்டத்திலை இரண்டுக்கும் இடமிருக்கு அண்ணை.”

அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கும் அந்த வாரத்தில்தான் கம்பனி பாதரின் கடிதத்தைத் திறந்தது.

பாதர் மனமாரப் புகழ்ந்திருந்தார். அருள்நேசன், அதாவது அப்பா, பதினான்கு வருடமாக ஒவ்வொரு அறுவடைத் திருநாளுக்கும் ஒரு கூடை வெள்ளரிக்காயைப் பீடத்துக்குக் கொண்டு வருகிறவர் என்றும், அவர் வேலை செய்யும் இடத்துக்குப் பங்கு மக்கள் நாற்பது பேருடன் மினிபஸ்ஸில் போய்த் தானே மந்திரித்துத் தீர்த்தம் தெளித்ததாகவும் எழுதி, கிறீன்ஹவுஸின் முழு விலாசத்தையும், போகும் வழியையும், வாகனம் நிறுத்த வசதி உண்டு என்பதையும் சேர்த்திருந்தார்.

ஆக, இரகசியம் ஒரு பங்குக்கே தெரியும். பங்கு முழுவதும் தெரியாது என்று எழுதித் தந்தால் மட்டுமே அருள்நேசனின் விண்ணப்பம் மேலே போகும் என்று கம்பனி அறிவித்தது. அப்பா வேண்டாம் என்றார். அம்மா கதிரையில் இருந்து, வலது காலை மற்றக் கதிரையில் தூக்கி வைத்து, ஐஸ் பை ஒன்றை அதன்மேல் வைத்தார். அப்பா கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு பாதரிடம் போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் தேநீரும் பரிமாறும்போது புவனேந்திரன் வந்தார். படிவக் கட்டுகளுடன் புரொஜெக்டரும் கொண்டு வந்திருந்தார். எதை மறக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் மறந்ததாகக் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லி, கிறீன்ஹவுஸ் இருக்கும் இடத்தின் வரைபடத்தைச் சுவரில் ஆறடி உயரத்தில் போட்டார். அதுவரை தெரியாமலிருந்த நூற்றெழுபது பேருக்கும் தெரிந்தது. அவர்களும் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்காக ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பமும் போட்டது.

பிலோமினம்மாவுக்கு எண்பத்துநாலு வயது. முன் வரிசையில் இருந்தார். அவர் பேனாவை வாங்கவில்லை.

“மகன், ஆமி மறிச்சுக் கேக்கேக்கை நாங்கள் எல்லாரும் தெரியாது எண்டுதான் சொன்னனாங்கள். அது உயிருக்கு. இது வெள்ளரிக்காய்த் தோட்டத்துக்கே? நான் அந்த மினிபஸ்ஸிலை போனனான். எனக்குத் தெரியும்.”

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னாரில் ஆமியிடம் அவரும் ‘தெரியாது’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி வேறெதுவும் அவர் எனக்குச் சொன்னதில்லை.

புவனேந்திரன் மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பிறகு வந்து, பிலோமினம்மாவின் வயதைக் கருத்தில் கொண்டு, இந்த ஆபத்து காலப்போக்கில் தானாகவே நீங்கும் என்று கம்பனி கணித்திருப்பதாகவும், அதனால் அவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்றும் மரியாதையாகச் சொன்னார். பிலோமினம்மா அவருக்கு ஒரு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக அப்பா போட்டார். கையெழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

வேலை மே மாதம் இரண்டாம் திங்கட்கிழமை தொடங்குவதாகக் கடிதம் வந்தது. அம்மா பின்னேர ஷிப்ட்டை விடுவதாக மேற்பார்வையாளரிடம் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிட்டோம். நவம்பருக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை நடந்ததை அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன்.

வேனில் பதினொரு பேர். அப்பாவைத் தவிர எல்லாரும் புதியவர்கள், இளையவர்கள். சாரதி சவுத்தால்காரர், பஞ்சாபி. லண்டனின் இந்தப் பக்கம் தெரியாதவர் என்பதற்காகவே அவரை எடுத்திருந்தார்கள். வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு தாள், வாரக் கடைசியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போன் வைத்திருக்கக்கூடாது.

அன்று தாளில் இருந்த வீதியைத் தண்ணீர்க் குழாய் வேலைக்காக மறித்திருந்தார்கள். சாரதி வேறு வீதியால் திருப்பினார். பிறகு இன்னொரு வீதியால். ஆறு முப்பதுக்கு, யாருக்காவது வழி தெரியுமா என்று பின்னால் திரும்பிக் கேட்டார். பத்துப் பேருக்கும் தெரியாது. அப்பா பேசாமல் இருந்தார்.

ஏழு மணிக்குள் போகாவிட்டால் முதல் நாளே ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று கடிதத்தில் இருந்தது. அப்பா அதை யோசிக்கவில்லையாம். கறுப்புத் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். அதால் வெயில் வந்து அவருடைய மடியில் விழுந்தது. நல்ல வெயில். ஏழு மணிக்குக் கூரைக் கதவுகளைத் திறக்காவிட்டால் உள்ளே செடி அவிந்துவிடும். வெள்ளரியோ, வேறெதுவோ, செடி செடிதான்.

ஆறு ஐம்பதுக்கு வேன் எங்கே திரும்புகிறது என்று அவருடைய உடம்புக்கே தெரிந்தது.

“ரவுண்டபௌட்டில் இடது பக்கம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “பிறகு பாலத்துக்குக் கீழே.”

ஆறு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா தும்புத்தடியை எடுத்தார். எல்லாக் கதவும் திறந்தது. ஒன்பது மணிக்கு அவரைக் கன்ரீனுக்குக் கூப்பிட்டார்கள்.

புவனேந்திரன் எழும்பி நின்று கை கொடுத்தாராம். “அண்ணை, இண்டைக்கு நீங்கள் கொம்பனியைக் காப்பாத்தினீங்கள். அதுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வரும். பிரகடனத்தை மீறினதுக்கு வேலைநீக்கக் கடிதமும் வரும். இரண்டும் ஒரே உறையிலைதான் வரும், குழம்பவேண்டாம். என்ரை கையிலை ஒண்டுமில்லை. எனக்கு உங்களை நல்லாப் பிடிக்கும். சாரதியும் அந்தப் பத்துப் பேரும், வழி சொன்னது நீங்கள்தான் எண்டு எழுதித் தந்திட்டினம்.”

“செடி அவிஞ்சிருக்கும், சேர்” என்று அப்பா சொன்னார்.

“ஓம். அவிஞ்சிருந்தா அது ஒரு விபத்து. விபத்துக்குக் கொம்பனியிலை படிவம் இருக்கு.”

வேலையில் இல்லாத ஒருவர் வாசலால் நடந்து வெளியேறினால் இடத்தைப் பார்த்துவிடுவார். அதனால் அப்பாவைத் தனியே அதே வேனில் ஏற்றி அனுப்பினார்கள். திரும்பும் வழியிலும் குழாய் வேலை. சாரதி இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டு, பிளேஸ்டோவுக்கு எப்படிப் போவது என்று அப்பாவைக் கேட்டார்.

தெரியாது என்று அப்பா சொன்னார்.

சாரதி கெஞ்சிக் கேட்டாராம். அப்பா அதையே சொன்னாராம். அந்த மேட்டில் வேன் நாலு தடவை ஏறி இறங்கியது. நாலு தடவையும் அவர் சீற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும்போது பின்னேரம் மூன்று மணி. நெற்றியில் ஒரு சின்னக் காயம்.

உறை புதன்கிழமை வந்தது. வியாழன் அரசாங்க உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். அம்மா விட்ட ஷிப்ட்டைத் திரும்பக் கேட்டு வாங்கியிருந்தார். முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு, நான் எழுதுவதைப் பார்த்தபடி நின்றார்.

பெயர் எழுதினேன். பிறந்த திகதி எழுதினேன். பிறகு, கடந்த பதினைந்து வருடங்களில் வேலை செய்த இடங்களின் விலாசங்களைக் கேட்டது.

“அப்பா, கிறீன்ஹவுஸ் விலாசம் கேக்குது.”

அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில். யன்னல் மூடியே கிடந்தது.

“தெரியாது எண்டு போடு.”

“அப்பா.”

“கையெழுத்துப் போட்டது பிள்ளை. எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.”

போட்டேன். ‘தெரியாது என்பது ஒரு விலாசம் அல்ல’ என்று சிவப்பில் வந்தது. வெறுமையாக விட்டுப் பார்த்தேன். அப்படியானால் பதினான்கு வருடம் ஏன் வேலை செய்யவில்லை என்று விளக்கும்படி கேட்டு, இன்னொரு பெட்டி திறந்தது. நூறு எழுத்துக்கு மேற்படக்கூடாது.

அப்பா அதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

அம்மாதான் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார். “பிலோமினம்மாவைக் கேள். அவ ஒருத்திதான் கையெழுத்துப் போடேல்லை. அவவுக்குத் தெரியும்.”

எனக்குப் போனில் பேசுவது பிடிக்காது. ஆனாலும் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். பிலோமினம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. பிறகு அவர் வீதியின் பெயரைச் சொன்னார். பஸ் கடைசியாக நிற்கும் இடத்தைச் சொன்னார். கால்வாயைச் சொன்னார், வாசலில் சொட்டும் குழாயைச் சொன்னார்.

“உன்ரை அப்பா அங்கை பதினாலு வருசம் வேலை செய்தவர் பிள்ளை. நல்ல வெள்ளரிக்காய்.”

நான் எழுதத் தொடங்கினேன். அப்பா எழும்பி வந்து, மேசையிலிருந்த போனைத் தன் பக்கம் திருப்பி, சொன்னதை இன்னொரு தடவை சொல்லும்படி பிலோமினம்மாவைக் கேட்டார்.